பதினோரு பேர் வேண்டாம், ஒரு கோலி போதும்

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தியா முழுக்க ஒரே கேள்வி கேட்கப்படும். உலகக் கோப்பை ஃபுட்பால் ஆரம்பித்த இரண்டாவது நாள், ராத்திரி கண் விழித்து மேட்ச் பார்த்த எரிச்சலோடு யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "நூத்தி நாப்பது கோடி பேரு இருக்கோம். பந்து உதைக்கப் பதினோரு பேரு கெடைக்கலையா?"

இதை சென்னை ஆபீஸ்களில் கேட்டிருக்கிறேன். நாசரேத் டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன். அங்கே கேட்டவர் கூடுதலாக ஒரு 'அண்ணாச்சி' போட்டுக்கொண்டார். மற்றபடி அதே கேள்வி, அதே பெருமூச்சு. கிளாஸைக் கீழே வைத்ததும் நாட்டுக்குச் செய்யவேண்டிய கடமை முடிந்துவிடும். அடுத்த உலகக் கோப்பை வரைக்கும் நிம்மதி.

எனக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. கேட்பவர்களுக்கு வருத்தமெல்லாம் உண்மைதான். ஆனால் கணக்குத் தப்பு. ஆள் எண்ணிக்கைக்கும் ஃபுட்பாலுக்கும் சம்பந்தம் இருந்தால் சீனா எத்தனை கோப்பை வாங்கியிருக்க வேண்டும்? அவர்கள் உலகக் கோப்பைக்குள் நுழைந்ததே 2002-ல் ஒரே ஒரு தடவை. ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பினார்கள். முப்பத்தைந்து லட்சம் பேர் உள்ள உருகுவே 1930-லும் 1950-லும் கோப்பையைத் தூக்கியிருக்கிறது. 2025 அக்டோபரில் கேப் வெர்டி என்ற தீவுக்கூட்டம் முதல் தடவையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மொத்த ஜனத்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். 2011 கணக்கெடுப்பில் நம்ம தூத்துக்குடி மாவட்டத்தில் மட்டும் 17 லட்சத்து 50 ஆயிரம் பேர். அதாவது ஒரு தூத்துக்குடிக்குள் மூன்று கேப் வெர்டி அடங்கும். இனிமேலாவது அந்த நூற்று நாற்பது கோடியை விட்டுவிடுவோமா?

பதினோரு பேரையும் விட்டுவிடுவோம். ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுவோம். கோலியைப் பற்றி.

கோலி என்றதும் உங்களுக்கு விராட் ஞாபகம் வந்தால் அது உங்கள் குற்றம் இல்லை. ஃபுட்பால் ஆடுகிற பையன்களிடம் கேட்டுப் பாருங்கள், கோல் கீப்பருக்குச் செல்லப் பெயர் கோலி. செல்லம் பெயரில் மட்டும்தான். மற்றபடி அவன் நிலைமை பரிதாபம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரயிலில் நாசரேத்தில் இறங்கி, சாயங்காலம் ஏதாவது ஒரு மைதானத்துப் பக்கம் நின்று பாருங்கள். 1876-ல் வந்து 1908-ல் சாகும்வரை இங்கேயே இருந்த மர்காஷிஸ் ஐயர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது. மிஷன் பள்ளிக்கூடங்கள் கிளம்பிய ஊர்களில் பைபிளும் இங்கிலீஷும் வந்த வழியிலேயே ஃபுட்பாலும் வந்தது. அதனால் இந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் பந்து புதுசு இல்லை. இரண்டு பெரிய பையன்கள் நின்றுகொண்டு அணி பிரிப்பார்கள். வேகமாக ஓடுகிறவன் முதலில் போவான். உதை பலமாக உள்ளவன் அடுத்து. கடைசியில் ஒருவன் மிச்சம் நிற்பான். குண்டாக இருப்பான், அல்லது வயசில் சின்னவனாக இருப்பான், அல்லது செருப்பு அறுந்தவனாக இருப்பான். "ஏல, நீ போய் கோல்ல நில்லு." முடிந்தது தேர்வு.

நாசரேத் மட்டும் இல்லை, தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதே தேர்வுமுறைதான். நமக்குக் கோல் கீப்பர் என்றால் ஆட முடியாதவனுக்கு நாம் இரக்கப்பட்டுக் கொடுக்கிற இடம். எட்டடி உயரம், இருபத்துநாலு அடி அகலம் உள்ள ஒரு வாசலை ஒற்றை ஆளாகக் காப்பதற்கு, இருப்பதிலேயே லாயக்கில்லாதவனைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிற புத்திசாலிகள் நாம்.

இந்த லட்சணத்தில் நமக்கு ஒரு காலத்தில் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் இருந்தார் என்று சொன்னால் நம்புவீர்களா?

பீட்டர் தங்கராஜ். நாசரேத் சர்ச் ரிஜிஸ்டரைப் புரட்டினால் பக்கத்துக்கு ஒன்றாக அகப்படும் போலிருக்கிற பெயர். ஆனால் அவர் நாசரேத்காரர் இல்லை. 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்தராபாத்தில் சின்ன கிளப்புகளில் ஆடிவிட்டு 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்த இடம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம். அது இருப்பது குன்னூர் பக்கத்து வெலிங்டனில், நம் நீலகிரியில். பிறந்தது ஹைதராபாத், நமக்கென்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அவரைக் கோல் கீப்பராக ஆக்கியது இந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்.

ஆக்கியது என்று தெரிந்துதான் சொல்கிறேன். அவர் முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. கோல் போடுகிற ஆள். ஆறடிக்கு மேல் உயரம். அந்த உயரத்தையும் நீளக் கைகளையும் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் அவரைக் கோலுக்கு அனுப்பியிருக்கிறார். வித்தியாசத்தைக் கவனியுங்கள். மிச்சம் இருந்தவனை அனுப்பவில்லை. இருந்ததிலேயே நல்ல ஆளை, முன்னால் நின்று கோல் போட்டுக்கொண்டிருந்தவனை அனுப்பினார்கள்.

அதன் பலன் என்ன? 1955-லும் 1958-லும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக், 1960 ரோம் ஒலிம்பிக், இரண்டு இந்திய அணியிலும் தங்கராஜ். மெல்போர்னில் இந்தியா நாலாவது இடம். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்ற பெயர். 1967-ல் அர்ஜுனா விருது. கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளான மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் மூன்றுமே அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டன. ஒன்றையொன்று ஜென்மப் பகையாக நினைக்கிற கிளப்புகள் அவை. அந்த மூன்றும் ஒரே ஆளை ஏற்றுக்கொள்வது எத்தனை அபூர்வம் என்று கல்கத்தாக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

1962-க்கு வருவோம். ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேஷியா அனுமதி மறுத்ததை இந்திய நிர்வாகி சோந்தி கண்டித்துப் பேசிவிட்டார். ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது. நம் தேசிய கீதத்துக்குக் கூச்சல், நம் ஆள் பந்தைத் தொட்டால் கூச்சல். மைதானத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். தங்கராஜுக்கோ ஜுரம். அரையிறுதியில் பிரத்யுத் பர்மன் என்ற இன்னொரு நல்ல கீப்பர்தான் நின்றார். ஃபைனலுக்குக் கோச் ரஹீம், ஜுரத்தில் கிடந்த தங்கராஜையே இறக்கினார். எதிரில் தென் கொரியா. லீக் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே அணி.

பி.கே. பானர்ஜி ஒரு கோல். தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். இருபது நிமிஷத்துக்குள் 2-0. அப்புறம் எழுபது நிமிஷம் கொரியா விடாமல் தட்டிய கதவின் கடைசித் தாழ்ப்பாள் தங்கராஜ். 85-வது நிமிஷத்தில்தான் கொரியாவால் ஒன்றைத் திருப்ப முடிந்தது. 2-1. தங்கப் பதக்கம். அன்றைக்கு வாங்கியதுதான். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியாவுக்குத் தங்கமே கிடையாது.

"அந்தக் காலத்தில் ஆசியாவில் யார் சார் ஒழுங்காக ஆடினார்கள்?" என்று ஒருவர் கிளம்புவார். எப்போதும் கிளம்புவார். அவருக்கு ஒரு தகவல். ஆசியக் கோப்பையின் முதல் இரண்டு போட்டிகள் 1956-லும் 1960-லும் நடந்தன. இரண்டையும் ஜெயித்தது அதே தென் கொரியாதான். ஆக, ஆசியாவின் சாம்பியனை, எதிரிகள் நிறைந்த மைதானத்தில், ஜுரத்தோடு தடுத்த ஆள் நம்மவர்.

இப்போது சொல்லுங்கள், உங்கள் பிள்ளைக்கு இந்தப் பெயர் தெரியுமா? உங்களுக்கே தெரியுமா? தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. ரஹீமின் கதையை 2024-ல் 'மைதான்' என்று அஜய் தேவ்கனை வைத்து ஹிந்தியில்தான் படம் எடுத்தார்கள். தங்கராஜும் அந்த அணியில் ஒருவராக வந்துபோனார். ஹிட்டான ஹீரோவின் அப்பா கடலை மிட்டாய் விற்றதுவரை தெரிந்து வைத்திருக்கும் தமிழ்நாடு, தன் கோலியை வேற்றுமொழிப் படத்தில் துணைப்பாத்திரமாகப் பார்த்துவிட்டு பாப்கார்னைத் தொடர்ந்தது.

பெயர் தெரியாவிட்டால் என்ன குறைந்துபோச்சு என்று கேட்கலாம். நிறையவே குறைந்துபோச்சு. அதைச் சொல்லத்தான் ஆப்பிரிக்கா வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

காமரூன் நாட்டில் தாமஸ் என்கோனோ என்று ஒரு கோல் கீப்பர். 1956-ல் பிறந்தவர். 1979-லும் 1982-லும் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது. கவனியுங்கள், சிறந்த கோல் கீப்பர் விருது இல்லை, சிறந்த வீரர் விருது. 1982 உலகக் கோப்பையில் காமரூன் முதல் முறையாக ஆடியது. மூன்று ஆட்டம், மூன்றும் டிரா. மொத்தம் வாங்கிய கோல் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் போட்டது இத்தாலி. இத்தாலிக்கும் அதே புள்ளிகள்தான், ஒரு கோல் கூடுதலாகப் போட்டிருந்ததால் தப்பித்தது. தப்பித்த இத்தாலி அந்த வருஷக் கோப்பையையே ஜெயித்தது. அப்போது காமரூனின் ஜனத்தொகை ஒரு கோடிகூட இல்லை. 1981 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 4 கோடியே 84 லட்சம் பேர் இருந்தோம்.

அடுத்த உலகக் கதை 1990-ல். அதுவும் இத்தாலியில். முதல் ஆட்டம், மரடோனாவின் அர்ஜென்டினாவோடு. நிற்கவேண்டியவர் ஜோசப் அன்டோனி பெல் என்ற இன்னொரு பெரிய கீப்பர். அவர் அணியின் தயாரிப்பைப் பற்றிப் பத்திரிகையில் காட்டமாகப் பேசிவிட, கடைசி நேரத்தில் என்கோனோவைப் போகச் சொன்னார்கள். வயசு முப்பத்துமூன்று. காமரூன் 1-0 என்று ஜெயித்தது. காலிறுதி வரைக்கும் போனது. டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயசு இத்தாலியப் பையன் ஒருவன், நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவன், நானும் இவரைப் போலக் கோலில் நிற்கிறேன் என்று முடிவு பண்ணினான். அவன் பெயர் ஜியான்லூயிஜி புஃபோன். 2006-ல் இத்தாலி உலகக் கோப்பையை ஜெயித்தபோது கோலில் நின்றவர். தன் மூத்த மகனுக்கு லூயி தாமஸ் என்று பெயர் வைத்தார். அந்தத் தாமஸ், நம் காமரூன் தாமஸ்தான்.

கோல் கீப்பர் எங்கிருந்து வருகிறான் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. ஜனத்தொகையிலிருந்து வருவதில்லை. இன்னொரு கோல் கீப்பரைப் பார்த்து வருகிறான்.

காமரூனிலேயே பாருங்கள். என்கோனோ, பெல் ஆகியோருக்குப் பின்னால் ஜாக் சோங்கோ வந்தார். ஸ்பெயின் லீகில் மிகக் குறைவாகக் கோல் விட்டதற்கான சமோரா விருதை 1997-ல் வாங்கினார். அவருக்குப் பின்னால் கார்லோஸ் கமேனி. பதினாறு வயசில் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் ஜெயித்த அணியின் கீப்பர். பிறகு பார்சிலோனா நகரத்து எஸ்பான்யோல் கிளப்பில் பல வருஷம் நின்றார். அதே கிளப்பில்தான் என்கோனோ எண்பதுகளில் ஆடியிருந்தார், பின்னாளில் அங்கேயே கீப்பர்களுக்குக் கோச்சாகவும் இருந்தார். அதற்குப் பின் ஆந்த்ரே ஒனானா. ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் ஏறிவந்த வரிசை இது. குடும்பத் தொழில் மாதிரி.

நம் வரிசை? தங்கராஜ் 1971-ல் ஆட்டத்தை நிறுத்தினார். சும்மா உட்காரவில்லை. கோவாவில் வாஸ்கோ கிளப்புக்குச் சொல்லிக்கொடுத்தார். அலிகார் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஜார்கண்டில் பொகாரோ உருக்கு நகரத்தில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கேயே 2008 நவம்பரில் காலமானார். இந்தியா முழுக்க அந்தக் கைகளின் வித்தை போயிருக்கிறது, அது உருவான மாநிலத்தைத் தவிர. அவருக்குப் பிறகு ஆசியாவே பெயர் சொல்கிற மாதிரி ஒரு தமிழ்க் கோல் கீப்பரைச் சொல்லுங்கள் பார்க்கலாம். யோசித்துக்கொண்டே இருங்கள், அதற்குள் மற்ற ஆட்சேபங்களைப் பார்த்துவிடுகிறேன்.

"எல்லாம் கிரிக்கெட்டால் வந்த வினை." கல்கத்தாவில் கிரிக்கெட் இல்லையா? ஈடன் கார்டன்ஸ் எங்கே இருக்கிறது? கேரளாவில் இல்லையா? மலப்புறத்தில் செவன்ஸ் ஆட்டத்துக்கு வயல்வெளியில் மூங்கில் கேலரி கட்டி ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கிரிக்கெட் மேல் பழிபோடுவது சுலபமான சாக்கு, அவ்வளவுதான்.

"நிர்வாகம் சரியில்லை, அரசியல் புகுந்துவிட்டது." நம் ஃபுட்பால் நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. ஆனால் காமரூன் நிர்வாகத்தைப் பார்த்தால் நம்மவர்கள் சாமிகள். 2014 உலகக் கோப்பைக்குக் கிளம்ப வேண்டிய நாளில் போனஸ் பாக்கிக்காக வீரர்கள் விமானம் ஏற மறுத்தார்கள். 2002-ல் மாலி நாட்டில் ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதிக்கு முன்னால், காமரூனின் கோல்கீப்பிங் கோச்சாக வந்திருந்த இதே என்கோனோவை, மைதானத்தில் மாந்திரீகப் பொருள் போட்டார் என்று சொல்லி போலீஸ் கைவிலங்கு மாட்டி இழுத்துப்போனது. அத்தனை குளறுபடிக்கு நடுவிலும் அங்கே கீப்பர்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

"நம்ம மைதானம் கட்டாந்தரை சார், விழுந்தால் முழங்கை போய்விடும்." இதில் மட்டும் நியாயம் இருக்கிறது. சரளைக்கல் பரப்பிய ஸ்கூல் கிரவுண்டில் ஒரு தடவை டைவ் அடித்துத் தோல் உரிந்த பையன் அடுத்த பந்துக்குக் காலைத்தான் நீட்டுவான். விழக்கூடாது என்று தரை அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. கோலியின் படிப்பில் முதல் பாடமே விழுவதுதான். ஆனால் என்கோனோவின் பழைய படங்களைப் பாருங்கள், எப்போதும் முழுநீளப் பேன்ட் போட்டுத்தான் ஆடுவார். பச்சைப் புல்வெளியிலேயே பிறந்து வளர்ந்தவர் யாரும் அங்கே இல்லை. தரை கடினம் என்று தெரிந்தால் அதற்கு வழி பார்க்கலாம். வழி பார்க்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றவேண்டும்.

தோன்றாததற்குக் காரணம் என்னையும் உங்களையும் போன்ற பார்வையாளர்கள். கோல் போட்டவனைத் தோளில் தூக்குகிறோம். கோலியை, பந்து அவனைத் தாண்டும்போது மட்டும் பார்க்கிறோம். ஒன்பது தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்று அவன் பெயரில் எழுதப்படும். இதில் உலகத்துக்கே பங்கு உண்டு. 1950 உலகக் கோப்பைக் கடைசி ஆட்டத்தில் உருகுவேயிடம் பிரேசில் 2-1 என்று தோற்றது. பழி முழுக்க கோல் கீப்பர் பார்போசாவின் தலையில். கறுப்பர் வேறு, கேட்கவேண்டுமா? பிரேசிலில் அதிகபட்ச ஜெயில் தண்டனையே முப்பது வருஷம்தான், நான் அதற்கு மேலேயே அனுபவித்துவிட்டேன் என்று அவர் வருந்திச் சொன்னது பிரசித்தம். 2000-ல் சாகும்வரை அந்த நாடு அவரை மன்னிக்கவில்லை. கறுப்பு ஆள் கோலுக்கு ஆகமாட்டான் என்ற பேச்சும் அங்கே வெகுகாலம் ஓடியது.

அந்தப் பேச்சுக்கு ஆப்பிரிக்கா பதில் சொல்லிவிட்டது. 2014-ல் கிளப் இல்லாமல் ஒரு வருஷம் வேலையற்றோர் வரிசையில் நின்ற செனகலின் எட்வர்ட் மெண்டி, 2021-ல் செல்சி கிளப்போடு சாம்பியன்ஸ் லீக் ஜெயித்து, அந்த வருஷத்தின் உலகச் சிறந்த கோல் கீப்பர் விருதும் வாங்கினார். 2022 கத்தாரில் மொராக்கோவின் யாசின் பூனோ இருந்த கோலுக்குள் பெனால்டி ஷூட்-அவுட்டில் ஸ்பெயினால் ஒரு பந்தைக்கூட அடிக்க முடியவில்லை. மொராக்கோ அரையிறுதிக்கே போனது.

இவர்கள் யாரும் 'மிச்சம் நின்ற பையன்' இல்லை.

ஆகவே நாசரேத் பையன்களுக்கும், அவர்களின் பி.டி. வாத்தியார்களுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக வாசகர்களாகிய அப்பா அம்மாக்களுக்கும் சில விண்ணப்பங்கள். பெரிய செலவு எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்.

அணி பிரிக்கும்போது முதல் ஆளைக் கோலுக்கு எடுங்கள். உயரமான, பயமில்லாத, வாய் ஓயாமல் பேசுகிற பையனாகப் பார்த்து எடுங்கள். பின்னால் நின்று மொத்த மைதானத்தையும் பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். 'ஏல, எடதுபக்கம் ஆளு வாரான்' என்று அவன் கத்தினால்தான் மற்ற பத்துப் பேருக்கும் கண் திறக்கும்.

கோல் போஸ்ட்டுக்கு முன்னால் பத்தடி மண்ணைக் கொத்திவிட்டு, கல் பொறுக்கி, ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளியுங்கள். நாசரேத்துக்காரர்களுக்கு இதுகூட வேண்டாம். கூப்பிடு தூரத்தில் தேரிக்காடு இருக்கிறது. மெத்தை மாதிரி செம்மண். காசு கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சிக் களம் அது. வெயில் தாழ்ந்த பிறகு கூட்டிப்போய் ஆசைதீர விழச் சொல்லுங்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் அதிக கோல் போட்டவனுக்குக் கப் கொடுக்கிறீர்கள். குறைவாகக் கோல் விட்டவனுக்கும் அதே அளவில் ஒன்று கொடுங்கள். வெலிங்டனிலோ சென்னையிலோ ஏதாவது ஒரு மைதானத்தின் வாசலில் பீட்டர் தங்கராஜ் பெயரை, 1962 என்ற வருஷத்தோடு எழுதி வையுங்கள். விளையாட்டு அமைச்சருக்கு ஒரு கையெழுத்துச் செலவு. எழுதி வைத்தால் ஒரு பையன் "யாரு சார் இது?" என்று கேட்பான். அந்தக் கேள்வியிலிருந்துதான் அடுத்தவன் வரவேண்டும்.

கடைசியாக உங்களுக்கு. உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து "அப்பா, என்னைக் கோலியா போட்டுட்டாங்க" என்று சொன்னால், "ஓடத் தெரியலையா உனக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கிக்கொடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய், எல்லோரும் எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்போது, நீங்கள் அவன் நிற்கிற கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அதைச் செய்துவிட்டு அப்புறம் வேண்டுமானால் அந்த நூற்று நாற்பது கோடிக் கணக்கைப் பேசலாம்.